எஃப் ரகத்துக்கு ஒரு குதிரை

குதிரைப் பண்ணை
பிப்ரவரி 9

சின்னவளுக்கு அண்ணி எழுதுவது.

உன் அண்ணன் இனிமேல் நமக்கு நடுவே தூது போக மாட்டாராம். "நீ சொன்னதை அவகிட்டச் சொன்னா அவ முகத்தைத் தூக்கி வச்சுக்கிறா. அவ சொன்னதை உன்கிட்டச் சொன்னா நீ சாப்பாட்டுல உப்பு போட மறந்துடுற. நடுவுல நான் ஏன் அடிபடணும்?" என்று கையை விரித்துவிட்டார். வாரமெல்லாம் நகரத்தில் உன் வீட்டு மாடியறையில் தங்கி வேலை பார்த்துவிட்டுச் சனிக்கிழமை இங்கே வருகிற மனிதர், கடிதம் சுமக்க மட்டும் ஒத்துக்கொண்டிருக்கிறார். அதுவும் உறையை ஒட்டித் தந்தால். போனில் பேசலாமென்றால், நான் இரண்டாவது வாக்கியத்துக்கு வருவதற்குள் நீ "அண்ணி, நான் சொல்றதை முழுசாக் கேளுங்க" என்பாய். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது.

போன மாதக் கூட்டத்தைப் பற்றித்தான். கடைசிக்கு முந்தின வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பண்ணையின் கால்நடை மருத்துவர் என்று அழைப்பு வந்தது. நாத்தனார் மேடையில் பேசுகிறாள் என்று நல்ல துணியாகப் பார்த்து உடுத்திக்கொண்டு வந்தேன். நீ நன்றாகத்தான் பேசினாய். கெட்டுப்போன டப்பா உணவில் வளரும் கிருமி, அதன் விஷம், பொட்டுலிசம் என்ற நோய், முதலில் இமை சரியும், பிறகு நாக்கு குழறும், கடைசியில் மூச்சு விடும் தசையும் நின்றுபோகும் என்று ஒரு குழந்தைக்கும் புரிகிற மாதிரி சொன்னாய். அந்த விஷத்தின் வீரியத்தைப் போக்கிக் குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊசி போட்டால் அதன் ரத்தத்தில் மாற்று மருந்து உண்டாகும் என்றாய். பக்கத்தில் இருந்தவரிடம் "என் நாத்தனார்" என்று சொல்லிக்கொண்டேன்.

அடுத்த படம் திரையில் வந்தது. கழுத்தில் ஊசி குத்தி, குழாயில் ரத்தம் இறங்க நிற்கும் நம் மூக்கி. நெற்றியிலிருந்து மூக்கு வரைக்கும் அந்த வெள்ளைக் கோடு. அரங்கமே "ஐயோ" என்றது. "இது பழைய முறை. இனி குதிரைகள் தேவைப்படாது" என்று நீ சொன்னாய். பக்கத்தில் இருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அந்தப் படத்தை எடுத்தது நான். பண்ணைக் கோப்புக்கென்று அனுப்பியது. உனக்குச் சடை பின்னிவிட்ட காலத்திலிருந்து நான் இந்தக் குதிரைகளோடு இருக்கிறேன். என் வேலை போகப்போகிறது என்றால் போகட்டும். அதை நான் ஏன் நூறு பேரோடு சேர்ந்து கேட்க வேண்டும்? முந்தின வாரம் இங்கே வந்து சாப்பிட்டுவிட்டுத்தானே போனாய்.

அலுவல் செய்தி ஒன்று. மூக்கி மெலிந்துகொண்டே வருகிறாள். கண்ணின் வெள்ளையில் மஞ்சள் படர்கிறது. இந்த முறை அவளிடம் ரத்தம் எடுக்கப் போவதில்லை. உங்கள் கூடத்துக்குத் தனியாக எழுதியும் அனுப்பிவிட்டேன்.

அண்ணி


ஆராய்ச்சிக்கூடம்
பிப்ரவரி 16

அண்ணிக்கு,

முதலில் எழுதிய பதிலைக் கிழித்துவிட்டேன். அதில் வரிக்கு ஒரு "ஆனால்" இருந்தது.

உங்கள் படத்தைக் கேட்காமல் போட்டது தப்பு. மன்னியுங்கள். நான் சொன்ன விஷயத்துக்கு மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. முன்கூட்டி ஏன் சொல்லவில்லை என்றால், சொல்லியிருந்தால் நீங்கள் டீ போட்டுக் கொடுத்து எதிரே உட்கார்ந்து, "சரிம்மா, இன்னும் ஒரு வருஷம் பொறுத்துச் சொல்லேன்" என்பீர்கள். நானும் பொறுத்திருப்பேன். உங்கள் முகத்துக்கு நேரே எனக்கு "முடியாது" என்று சொல்ல வராது. சின்ன வயதிலிருந்தே வராது.

போன வருடம் ஒரு பள்ளி ஆசிரியைக்கு நம் மருந்து போட்டார்கள். பொட்டுலிசம் அவரைக் கொல்லவில்லை, குதிரை மருந்து கொல்லப் பார்த்தது. மனித உடம்பு குதிரையின் புரதத்தை வேற்று ஆளாகத்தான் பார்க்கும். சிலருக்கு அது ஒவ்வாமல் தொண்டை அடைத்துக்கொள்ளும். நான் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். பிழைத்துவிட்டார். அன்றிலிருந்துதான் இந்த வேலையில் வேகமாக இறங்கினேன்.

நாங்கள் செய்வது மனித உடம்பு ஏற்றுக்கொள்ளும் புரதம். கண்ணாடிக் கலத்தில் வளரும் செல்கள் அதைச் சுரக்கும். விஷத்தின் உடம்பில் மூன்று இடங்களை மூன்று புரதங்கள் பிடித்துக்கொண்டால், கல்லீரல் அதைக் குப்பை மூட்டை மாதிரி வெளியே தள்ளிவிடும். மனிதரைத் தாக்கும் இந்த விஷத்தில் நான்கு ரகம். ஏ, பி, இ ரகங்களுக்கு எலிகளிடம் நன்றாக வேலை செய்கிறது. எஃப் ரகத்துக்கு இன்னும் கைகூடவில்லை.

இப்போது எழுதக் கூச்சமாக இருக்கும் பகுதி. எஃப் மாற்று மருந்து தருவது மூக்கி ஒருத்திதான். சிகிச்சைக்கு மட்டுமல்ல, சோதனைக்கும் அதுதான் வேண்டும். நோயாளியின் ரத்தத்தை எலிகளுக்குப் போட்டு, ஒவ்வொரு கூண்டுக்கும் ஒவ்வொரு ரகத்தின் மாற்று மருந்தைத் தருகிறோம். எந்தக் கூண்டு பிழைக்கிறதோ, அந்த ரக விஷம். எங்கள் குளிர்பெட்டியில் எஃப் அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. மருத்துவமனைகளுக்கென்று வைத்திருப்பது ஒரே ஆளுக்குக் காணும். ஒரே ஒரு முறை மூக்கியிடம் எடுத்துத் தாருங்கள்.

குதிரை வேண்டாம் என்று மேடையில் சொன்னவள் குதிரையிடம் கையேந்துகிறாள் என்று சிரிப்பீர்கள். சிரித்துவிட்டுத் தாருங்கள்.

சின்னவள்


குதிரைப் பண்ணை
பிப்ரவரி 24

சின்னவளுக்கு,

சிரித்தேன். உன் அண்ணன் எட்டிப் பார்த்து, "என்ன, சமாதானம் ஆயாச்சா?" என்றார். "இல்லை" என்றேன். போய்ப் படுத்துவிட்டார்.

தர முடியாது. அவள் ரத்தத்தைச் சோதித்துப் பார்த்தேன். கல்லீரல் சரியில்லை. வருஷக்கணக்காக ஊசி போட்ட குதிரைகளுக்கு வருகிற கோளாறு என்று சந்தேகப்படுகிறேன். இந்த நிலையில் ரத்தம் இழுத்தால் அன்றே விழுந்தாலும் விழுவாள்.

உங்கள் இயக்குநர் நேரிலேயே வந்துவிட்டார். நல்ல மழை பெய்த மறுநாள் பளபளப்பான ஷூவோடு லாயத்துக்குள் இறங்கினார்.

"டாக்டரம்மா, ஒரு குதிரைக்காக ஒரு மருந்தே நிக்கணுமா?"

"அது செத்தா அதுக்கப்புறமும் நிக்கத்தான் சார் போகுது."

"வேற குதிரைக்குப் போட வேண்டியதுதானே?"

"போட்டுப் பாத்தாச்சு. மத்ததுக்கெல்லாம் ஏ பிடிக்குது, பி பிடிக்குது. எஃப் பிடிக்க மாட்டேங்குது. ஏன்னு உங்க ஆராய்ச்சிக்காரங்களைத்தான் கேக்கணும்."

"நாளைக்கு யாருக்காவது வந்துட்டா? மனுஷனா குதிரையான்னு வரும்போது..."

"வரும்போது பாத்துக்கலாம் சார். இன்னைக்கு எனக்கு முன்னாடி குதிரை மட்டும்தான் நிக்குது."

அவர் போனபிறகு, அந்தப் பதில் அவ்வளவு கெட்டிக்காரத்தனமானது இல்லை என்று எனக்கே தோன்றியது. நாளைக்கு வராது என்று நான் யார் சொல்ல? ஆனாலும் கையில் ஊசியை எடுக்க மனம் வரவில்லை. மனம் என்று சொல்வதுகூடப் பொய். மருத்துவராகவே அது தப்பு என்று நினைக்கிறேன்.

என் முகத்துக்கு நேரே "முடியாது" என்று சொல்ல வராது என்று எழுதியிருந்தாயே, அது பாராட்டா புகாரா என்று இன்னும் பிடிபடவில்லை. எனக்கு உன் முகத்துக்கு நேரே சொல்ல வரும். எழுத்திலும் வருகிறது. முடியாது.

அண்ணி


ஆராய்ச்சிக்கூடம்
மார்ச் 13

அண்ணிக்கு,

அண்ணன் வரும்வரை காத்திருக்க முடியாமல் இதைத் தபாலில் அனுப்புகிறேன். செய்தித்தாளில் பார்த்திருப்பீர்கள். அதில் பாதி தப்பு. நடந்ததைச் சொல்கிறேன்.

போன வாரம் ஒரு பஸ் டிரைவர், வண்டி நிறைய ஆட்களோடு போய்க்கொண்டிருந்தவர், ஓரமாக நிறுத்திவிட்டுக் கண்டக்டரிடம், "ரோடு ரெண்டாத் தெரியுது. எதுல ஓட்டுறதுன்னு தெரியலை" என்றாராம். பயணிகள் சிரித்திருக்கிறார்கள். குடித்திருக்கிறார் என்று ஒருவர் புகார்கூடக் கொடுத்துவிட்டார். மாலைக்குள் அவர் மனைவிக்கும் நாக்கு குழறி, இருவரும் ஒரே வார்டுக்கு வந்தார்கள். பணியிலிருந்த மருத்துவர் சின்னப் பெண். இரண்டு பேருக்கும் இமை ஒரே மாதிரி சரிந்திருப்பதைப் பார்த்து, என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டிருக்கிறாள். அந்தம்மா வேகவைத்துப் பாட்டிலில் அடைத்து வைத்த இறைச்சி. "வாடை இல்லைம்மா, நிறம் மாறலை, நல்லாத்தான் இருந்துச்சு."

சோதனை முடிவுக்குக் காத்திராமல் ஏ, பி, இ மூன்றுக்குமான கலவையை இருவருக்கும் போட்டாள். சரியான காரியம். நோய் அதற்குக் கேட்கவில்லை. டிரைவரை மறுநாளே மூச்சுக் கருவியில் வைக்க வேண்டி வந்தது. அவர்களுடைய ரத்தமும் பாட்டிலில் மிச்சமிருந்ததும் எங்களிடம் வந்தன. ஏ கூண்டு செத்தது. பி செத்தது. இ செத்தது. குளிர்பெட்டியில் மிஞ்சியிருந்த கடைசித் துளி எஃப் கொடுத்த கூண்டில் எலிகள் நிம்மதியாக மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தன.

மருத்துவப் பெண்ணுக்கு நானே போன் செய்தேன்.

"எஃப்தான். ஒரு ஆளுக்கு மருந்து இருக்கு. இப்பவே அனுப்புறேன்."

"ஒரு ஆளுக்கா? பாதிப் பாதியாப் பிரிச்சுக் குடுக்கலாமா மேடம்?"

"பாதி குடுத்தா ரெண்டு பேருக்கும் பத்தாது."

அவள் வார்டின் கதவைச் சாத்துவது கேட்டது. பிறகு, "யாருக்கு?" என்றாள்.

மாற்று மருந்து ரத்தத்தில் சுற்றுகிற விஷத்தைத்தான் பிடிக்கும், நரம்புக்குள் இறங்கிவிட்டதை வெளியே இழுக்காது என்று அவளுக்கும் தெரியும். சொல்வதற்கு இன்னொரு வாய் வேண்டியிருந்தது, அவ்வளவுதான். "அவருக்கு மெஷின் மூச்சு விடுது. அந்தம்மா இன்னும் தானே விடுறாங்க. அந்தம்மாவுக்குப் போடுங்க" என்றேன். போனை வைத்ததும் எலிக்கூண்டு கழுவுகிற உதவியாளர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உக்காருங்க மேடம்" என்றார்.

இயக்குநர் உடனே உங்களிடம் ஆள் அனுப்பி மூக்கியிடம் ரத்தம் எடுக்கச் சொன்னார். "இன்னைக்கு எடுத்தாலும் சுத்தம் பண்ணி, சோதிச்சு, மனுஷனுக்குப் போட மாசக்கணக்காகும் சார். இந்த டிரைவருக்கு உதவாது" என்றேன். "உதவாதுன்னு ஜனங்களுக்குத் தெரியுமா? பத்திரிகைக்காரங்க கேட்டா ஏதாவது செஞ்சோம்னு சொல்லணும்ல?" என்றார். "எனக்குத் தெரியும் சார்" என்றேன். எழுத்திலும் கொடுத்துவிட்டேன், நகல் இதோடு இருக்கிறது. அவர் முகம் சுருங்கியது. என் பதவி உயர்வு இந்த வருடம் வராது என்று நினைக்கிறேன்.

வெளிநாட்டுக்கு எழுதி எஃப் கேட்டிருக்கிறோம். வந்து சேர ஒரு வாரம் ஆகும். அதற்குள் அவர் ரத்தத்தில் பிடிப்பதற்கு விஷம் மிஞ்சியிருக்காது.

அண்ணி, நான் சொன்னது சரிதானா?

சின்னவள்


குதிரைப் பண்ணை
மார்ச் 18

சின்னவளே,

சரியா என்று எனக்குத் தெரியாது. நான் அந்த இடத்தில் இருந்தால் அதையேதான் சொல்லியிருப்பேன். தெரிந்தது அவ்வளவுதான்.

இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு வீட்டில் பசு ஈன முடியாமல் தவித்தது. தாயா கன்றா என்று வந்தது. தாய் என்றேன். மாட்டுக்காரர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினார். பசு என்னை அப்படிப் பார்க்கவில்லை. திரும்பிப் படுத்துக்கொண்டது. சரியாகச் செய்துவிட்டு நிம்மதியாகவும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்கள் வேறு தொழிலுக்குப் போகலாம்.

எனக்கும் ஒன்று உறுத்துகிறது. பிப்ரவரியில் நீ கேட்டபோது எடுத்திருந்தால் இப்போது இருந்திருக்குமா என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருக்கிறேன். இருந்திருக்காது. எப்படிப் போட்டாலும் இன்னும் சுத்திகரிப்பில்தான் இருந்திருக்கும். தெரிந்தும் திரும்பத் திரும்பப் போடுகிறேன். இத்தனை பேருடைய உயிர் ஒரு நோஞ்சான் குதிரையின் கழுத்தில் தொங்குகிறது என்றால், அந்த ஏற்பாட்டைக் கட்டிக் காத்தவர்களில் நானும் ஒருத்தி. மேடையில் நீ சொன்னதில் இந்தப் பகுதி மட்டும் சரி. படம் போட்டது சரியில்லை. அதை விட மாட்டேன்.

இயக்குநரின் ஆள் வந்தான். உன் எழுத்தின் நகலை அவன் கையில் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டு, "அப்ப நான் எதுக்கும்மா வந்தேன்?" என்றான். டீ குடித்துவிட்டுப் போனான். நீ எனக்காக எழுதவில்லை, உண்மைக்காக எழுதினாய் என்று தெரியும். இருந்தாலும் அந்தத் தாளை இரண்டு தரம் படித்தேன்.

அந்த டிரைவரைப் போய்ப் பார். நீ மருத்துவமனைப் பக்கமே போகாமல் சுற்றுவழியில் வேலைக்குப் போகிறாய் என்று உன் அண்ணன் சொன்னார். தூது போக மாட்டேன் என்றவர்தான் சொன்னார்.

அண்ணி


ஆராய்ச்சிக்கூடம்
ஏப்ரல் 26

அண்ணிக்கு,

போய்ப் பார்த்தேன். உங்கள் கடிதம் கிடைத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்குக் காரணம் எதுவும் சொல்லப் போவதில்லை.

அந்தம்மா நடமாடுகிறார். இமை மட்டும் கொஞ்சம் கனமாக இருக்கிறது. காலையிலேயே வந்து கணவர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாராம். என்னை வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போய், "அடைச்சதும் நான். மருந்து கிடைச்சதும் எனக்கு. அவருக்கு இன்னும் சொல்லலை. எந்த வாயால சொல்லுவேன்?" என்றார். நான் சொல்கிறேன் என்றேன். எப்படி அந்தத் தைரியம் வந்ததோ.

டிரைவருக்குத் தொண்டையில் குழாய். முகம் அசைவதில்லை. ஆனால் எல்லாம் கேட்கிறது, எல்லாம் புரிகிறது. அதுதான் இந்த நோயின் கொடுமை. வலது கையில் ஒரு விரல் மட்டும் திரும்பியிருக்கிறது. நர்ஸ் எழுத்து அட்டையைப் பிடித்து வரிசையாக விரலை ஓட்டிக்கொண்டு போவார். வேண்டிய எழுத்து வந்ததும் அவர் தட்டுவார்.

நான் யார் என்று சொன்னேன். மருந்து ஒருவருக்குத்தான் இருந்தது, அதை உங்கள் மனைவிக்குப் போடச் சொன்னது நான் என்று சொன்னேன். ஏன் என்றும் சொன்னேன். அந்தம்மா சுவரைப் பார்த்து நின்றார். மூச்சுக் கருவி மட்டும் அதுபாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

விரல் தட்ட ஆரம்பித்தது. நர்ஸ் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொண்டே வந்தார். "மு. ன். சீ. ட்." நர்ஸுக்குப் புரியவில்லை. "முன் சீட்டா? என்ன முன் சீட்?" என்றார். விரல் மறுபடி தட்டியது. மெதுவாக, நடுநடுவே ஓய்வெடுத்து. முழுதாகச் சேர்த்துப் படித்தால்: முன் சீட் பொம்பளைங்களுக்கு.

நர்ஸ்தான் முதலில் சிரித்தார். அந்தம்மா சிரித்தாரா அழுதாரா என்று தெரியவில்லை, அவர் தோளில் ஓர் அடி வைத்தார். "இந்த நிலைமையிலயும் வாயைப் பாரு" என்றார். வாய்தான் அசையவே இல்லை.

அதற்கு மேல் அவருக்குத் தெம்பில்லை. கண்ணை மூடிக்கொண்டார். அவர் என்னை மன்னித்தார் என்று நான் எழுதப் போவதில்லை. ஒரு பகடி பண்ணினார், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். வெளியே வந்து நேர்வழியில் வேலைக்குப் போனேன்.

மூக்கி எப்படி இருக்கிறாள்?

சின்னவள்


குதிரைப் பண்ணை
மே 8

சின்னவளே,

இந்தக் கடிதம் ஒரு பனிக்கட்டிப் பெட்டியோடு வருகிறது. முதலில் பெட்டியைப் பிரித்து உள்ளே இருப்பதை உறைபெட்டியில் வை. பிறகு படி.

மூக்கி இன்று காலையில் போய்விட்டாள். தீனி வைக்கிறவர் வந்து கூப்பிட்டார். நான் போவதற்குள் படுத்துவிட்டாள். வயிற்றைத் தொட்டதுமே உள்ளே ரத்தம் கொட்டியிருப்பது தெரிந்தது. தலையை மடியில் வைத்துக்கொண்டேன். வலிக்கு ஊசி போட்டேன். அதிக நேரம் ஆகவில்லை.

பிறகு நானே அவளைத் திறந்து பார்த்தேன். உதவிக்கு வந்தவர்களை வெளியே நிற்கச் சொன்னேன். கல்லீரல் வெளிறி மெழுகு மாதிரி இருந்தது. விரல் பட்டதும் உதிர்ந்தது. விண்டு போயிருந்தது. நான் சந்தேகப்பட்டது சரி. பிப்ரவரியில் அவளை விட்டதும் சரி. ஆனால் அவளை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது நாம் போட்ட ஊசிகள்தான். என் கையால் போட்டவை. ரத்தம் எடுத்த பிறகு வெல்லம் கொடுப்பேன், கழுத்தைத் தேய்த்துவிடுவேன், பேர் சொல்லிக் கூப்பிடுவேன். நன்றாகப் பார்த்துக்கொள்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். உள்ளே அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

நீ போட்ட படத்தைப் பார்த்து அரங்கத்தில் "ஐயோ" என்றார்களே, எனக்கு அன்று வந்த கோபத்தில் பாதி அவர்கள் மேல்தான். இவர்களுக்கு என்ன தெரியும் என்று. இன்று அந்தக் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பெட்டியில் இருப்பது அவளுடைய மண்ணீரலும் எலும்பு மஜ்ஜையும். மாற்று மருந்தைச் சுரக்கிற செல்கள் அங்கேதான் குடியிருக்கும் என்று நீதான் ஒரு முறை சாப்பிடும்போது சொன்னாய். உன் அண்ணன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். அந்தச் செல்களிலிருந்து புரதத்தின் செய்முறையைப் படியெடுத்துவிட்டால், பிறகு கலத்திலேயே வளர்க்கலாம் என்றும் சொன்னாய். எஃப் அவளுக்கு மட்டும்தான் பிடித்தது. அது எப்படி என்று அவளிடமிருந்தே எடுத்துக்கொள். உயிர் போன கையோடு எடுத்து உறைய வைத்துவிட்டேன். கெட்டிருக்காது.

இதைச் செய்யும்போது என் பண்ணைக்கு நானே பூட்டுப் போடுகிறேன் என்று தெரிந்துதான் செய்தேன். யாரும் கேட்கவில்லை. நீயும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவேளை மறுத்திருப்பேன்.

வண்டி காத்திருக்கிறது.

அண்ணி


ஆராய்ச்சிக்கூடம்
மறு ஆண்டு, நவம்பர் 21

அண்ணிக்கு,

இடையில் நீங்களும் நானும் போனில் நிறையப் பேசிவிட்டோம். குறுக்கே பேசாமல் இருக்கவும் கொஞ்சம் பழகியிருக்கிறேன். ஆனாலும் இதை எழுதத்தான் வேண்டும் என்று தோன்றியது. அண்ணனிடம் ஒன்றும் சொல்லவில்லை. உறையை மட்டும் கொடுத்தேன். "மறுபடியுமா?" என்று முகம் வெளிறினார்.

மூக்கியின் செல்களிலிருந்து நூற்றுக்கணக்கில் புரதங்களைப் பிரித்தோம். பெரும்பாலானவை விஷத்தைத் தொட்டுவிட்டு விட்டுவிட்டன. மூன்று மட்டும் உடும்பாகப் பிடித்தன. அவற்றின் பிடிக்கிற நுனியை வைத்துக்கொண்டு, மீதி உடம்பை மனிதப் புரதமாக மாற்றினோம். அதற்கே ஒரு வருடம் ஆனது. தோற்றவற்றைப் பற்றி உங்களிடம் புலம்பியிருக்கிறேன். மறுபடி எழுதவில்லை.

இன்று காலையில் கூண்டு அறையைத் திறந்தேன். எஃப் விஷம் போட்டு எங்கள் மூன்று புரதங்களைக் கொடுத்த கூண்டில் எல்லா எலிகளும் தீனிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. மருந்து கொடுக்காத கூண்டு அமைதியாக இருந்தது. நான் கதவைச் சாத்திவிட்டு மறுபடி திறந்து பார்த்தேன். சண்டை போட்டுக்கொண்டுதான் இருந்தன.

எஃப் மனிதர்களிடம் சோதிக்கப்பட இன்னும் சில வருடங்கள் ஆகும். எங்கள் ஏ, பி, இ கலவை, சோதனைக்கு முன்வந்த தன்னார்வலர்களிடம் முதல் கட்டத்தைத் தாண்டிவிட்டது. கையிருப்பில் உள்ள குதிரை மருந்தும், எஃப்புக்கு வெளிநாட்டிலிருந்து வரவழைத்ததும் அதுவரை தாங்கும் என்று புதிய இயக்குநர் கணக்குப் பார்த்திருக்கிறார். அதனால் அடுத்த மாதத்திலிருந்து பண்ணையில் ரத்தம் எடுப்பது நிற்கிறது. குதிரைகளை விற்கக் கூடாது, ஆயுள் வரைக்கும் அங்கேயே வைத்துப் பராமரிக்க வேண்டும் என்று நான் எழுதிக் கேட்டு வாங்கியிருக்கிறேன். கடைசிக் குதிரை இருக்கும்வரை உங்கள் பணியும் தொடரும் என்று போட்டிருக்கிறது. அதற்குப் பிறகு என்ன என்று போடவில்லை. கேட்டேன். பதில் இல்லை.

அறிவிப்பு பத்து நாளில் வரும். அதற்கு முன் உங்களுக்குச் சொல்ல நேரில் வருவதாகத்தான் இருந்தேன். பஸ் நிலையம்வரை போய்த் திரும்பிவிட்டேன். உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை.

அந்த டிரைவரை அங்கே பார்த்தேன். மெதுவாகத்தான் நடக்கிறார். பஸ் ஓட்ட விடவில்லை. நேரம் அறிவிக்கிற அறையில் மைக் முன்னால் உட்கார வைத்திருக்கிறார்கள். குரல் கொஞ்சம் கரகரப்பு. என்னைக் கண்ணாடி வழியே பார்த்துவிட்டு, எந்த ஊர் பஸ் என்று சொல்ல மறந்து நிறுத்திவிட்டார். வரிசையில் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள்.

சின்னவள்


குதிரைப் பண்ணை
டிசம்பர் 4

சின்னவளே,

சந்தோஷமா என்று நீ கேட்கவில்லை. நல்லது. கேட்டால் பதில் சொல்லத் தெரியாது. எஃப் கூண்டு எலிகள் சண்டை போட்டன என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். பணி பற்றிய இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் மீதியைப் படித்தேன். உன் அண்ணன், "எதுவானாலும் நாம பாத்துக்கலாம்" என்றார். நாம் என்பதில் உன்னையும் சேர்த்துக்கொண்டார் என்று நினைக்கிறேன்.

மருந்து கொடுக்காத கூண்டு அமைதியாக இருந்தது என்று ஒரே வரியில் எழுதிவிட்டாய். அதை இனி கொஞ்சம் நீட்டி யோசி. குதிரைக்கு வழி கண்டுபிடித்த ஆட்கள் எலிக்கும் கண்டுபிடிக்கலாம். விஷத்தை உயிரில்லாத கலத்தில் வைத்தே கண்டறிகிற சோதனை ஒன்றை வேறு இடங்களில் முயல்கிறார்கள் என்று படித்தேன். உனக்கு ஆள் தேவைப்பட்டால், ஊசி போடத் தெரிந்த, இனிப் போட விருப்பமில்லாத ஒரு கால்நடை மருத்துவர் இருக்கிறாள். கிண்டலாகத்தான் எழுத ஆரம்பித்தேன். எழுதி முடித்துப் பார்த்தால் கிண்டலாக இல்லை. யோசித்துச் சொல்.

நேற்று நடந்ததைச் சொல்லிவிட்டு முடிக்கிறேன்.

நேற்று ரத்தம் எடுக்க வேண்டிய நாள். உத்தரவு வந்துவிட்டதால் ஊசி, குழாய், பை எதையும் வெளியே எடுக்கவில்லை. காலையில் ரத்தம் எடுக்கிற கொட்டகையைக் கழுவிப் பூட்டிவிடலாம் என்று போனேன். கதவுக்கு வெளியே குதிரைகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. யாரும் ஓட்டிவரவில்லை. எந்த நாள் என்று அவற்றுக்கு எப்படித் தெரியுமோ. ஒவ்வொன்றும் கழுத்தை இடது பக்கம் திருப்பி, ஊசி போடுகிற இடத்தை எனக்குக் காட்டிக்கொண்டு நின்றது.

"இன்னைக்கு இல்லை. போங்க" என்றேன். போகவில்லை. தீனி வைக்கிறவர் தட்டி ஓட்டிப் பார்த்தார். இரண்டடி போய்விட்டுத் திரும்பி வந்து அதே இடத்தில் நின்றன. எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கடைசியில் தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு போய், ஒவ்வொன்றின் கழுத்திலும் அந்த இடத்தைத் தேய்த்துவிட்டேன். தேய்த்து முடித்ததும் அது தலையை ஆட்டிக்கொண்டு வரிசையை விட்டு விலகிப் புல்வெளிக்குப் போனது. அடுத்தது முன்னால் வந்து கழுத்தைத் திருப்பியது.

எல்லாம் முடிய மத்தியானம் ஆகிவிட்டது. கை வலிக்கிறது. அடுத்த முறையும் வருவார்கள். தேய்த்துவிட வேண்டியதுதான்.

அண்ணி